கப்பல் ஏற முதல் செய்யிற வேலைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?

மணிலாவில் எர்மிட்டா என்றொரு பகுதி. அங்கே ரிசால் பூங்காவின் ஓரமாகப் போகிற கலாவ் வீதியில் ஒரு ஆள் சந்தை நடக்கும். ஏஜென்சிக்காரர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எண்ணெய்க் கப்பலுக்கு இத்தனை ஏபி, இத்தனை ஓயிலர், ஒரு சமையற்காரர் என்று அதில் எழுதியிருக்கும். ஏபி என்றால் மேல்தளத்தில் வேலை செய்கிற அனுபவமுள்ள மாலுமி. ஓயிலர் கீழே இயந்திர அறையில் நிற்கிற ஆள். அட்டைகளைச் சுற்றி, பைலுக்குள் பத்திரங்களை அடுக்கிப் பிடித்தபடி மீசை முளைக்காத பெடியளும் நிற்பார்கள், தலை நரைத்த ஆக்களும் நிற்பார்கள்.

தலை நரைத்தவர் ஏன் அங்கே நிற்கிறார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் மாலுமிக்கு "புது வேலை" என்பது வாழ்க்கையில் ஒருமுறை வருகிற சங்கதி இல்லை. சாதாரண மாலுமிக்குப் பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், கனபேருக்கு ஒன்பது மாதம். கப்பலால் இறங்கினால் ஒப்பந்தமும் முடிந்தது, சம்பளமும் முடிந்தது. இருபது வருசம் கடலில் இருந்தவரும் இறங்கினாப் பிறகு திரும்பப் புது ஆள் மாதிரி ஆயத்தப்படவேணும். இந்த ஆயத்தப்படுத்தலும் வேலைதான் என்பது என்ர கருத்து. அதைச் செய்விக்கிறவர்கள் அதை வேலையாகக் கணக்கெடுப்பதில்லை. கப்பல் தொழில் இவ்வளவு மலிவாக ஓடுவதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

அப்படி என்ன செய்யவேணும்? கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், பொலிஸ் அறிக்கை மாதிரியான தேசியப் புலனாய்வுப் பணியகத்தின் சான்று, மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை, அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் என்றால் அதற்கான விசா. அதுக்கு மேல பயிற்சிச் சான்றிதழ்கள். கடலில் விழுந்தால் உயிர் தப்புவது, தீயணைப்பது, முதலுதவி, கப்பல் பாதுகாப்பு. இதெல்லாம் சர்வதேச விதிப்படி எல்லா நாட்டு மாலுமிக்கும் உள்ளதுதான். உயிர் தப்புவது, தீயணைப்பது போன்றவற்றில் ஐந்து வருசத்துக்கு ஒருமுறை தேர்ச்சியைத் திரும்பக் காட்டவேணும். எண்ணெய்க் கப்பல், எரிவாயுக் கப்பல் என்றால் தனித்தனிப் பயிற்சி. பிறகு கணினியில் ஒரு அறிவுச் சோதனை, ஆங்கிலச் சோதனை. புறப்படுவதற்கு முன் அரசாங்கத்தின் அறிவுறுத்தல் வகுப்பும் இருக்கிறது. இவ்வளவுக்கும் ஊர் விட்டு மணிலாவுக்கு வரவேணும், அறை எடுத்துத் தங்கவேணும், சாப்பிடவேணும். பனாய் தீவில் இருந்தோ மிண்டனாவோவில் இருந்தோ வருகிறவனுக்கு அது நாலு நாளில் முடிகிற பயணம் இல்லை.

அனுபவம் இல்லாத பெடியளின் பாடு இதைவிட மோசம். கப்பல் பட்டப்படிப்பு முடியவேணும் என்றால் கப்பலில் பயிற்சிக் காலம் இருக்கவேணும். படித்து வருகிற எல்லாருக்கும் கொடுக்கக் கப்பல்களில் இடம் இல்லை. அதனால் என்ன நடக்கிறது? ஏஜென்சி ஒபிசிலேயே போய் நிற்கிறார்கள். கோப்பி போடுவது, பத்திரம் காவுவது, தரை துடைப்பது, சில இடங்களில் முதலாளி வீட்டு வேலையும். மாதக்கணக்காக, சம்பளம் இல்லாமல் அல்லது சாப்பாட்டுக் காசுக்கு. "யூட்டிலிட்டி" என்பது அவர்களுக்கு அங்கே உள்ள பெயர். ஒருநாள் கப்பல் கிடைக்கும் என்ற நம்பிக்கையைத் தவிர அவர்கள் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இராது. பத்திரிகைகள் இதைப் பலதடவை எழுதிவிட்டன. ஆனாலும் ஆள் குறையவில்லை, வரிசையில் பின்னுக்கு நிற்கிறவன் எப்பவும் ஆயத்தம்.

இதை ஏன் எங்களுக்குச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தது ஞாபகம் இருக்கும். கரை ஒதுங்கிய பிளாஸ்ரிக் குருணியும் செத்த ஆமைகளும் ஞாபகம் இருக்கும். அந்தக் கப்பலில் இருந்த இருபத்தைந்து பேரில் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் இருந்தார்கள் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? எங்கட துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களில் அனேகமானவற்றில் இவர்கள் இருக்கிறார்கள். உலக மாலுமிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் பிலிப்பினோ என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற கணக்கு.

சரி, மருத்துவப் பரிசோதனைக்கு வருவம். இதில்தான் எனக்குக் கோபம் கூட.

நெஞ்சுப் படம், இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம், காது, கண். நிறப் புள்ளிகளுக்குள்ளே இலக்கம் கண்டுபிடிக்கிற சோதனையும் உண்டு. இரவில் எதிரே வருகிற கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரியவேணும் என்பதால் அது நியாயமான சோதனை. மற்றதுகளும் நியாயம்தான். நடுக்கடலில் டொக்டர் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கோ: பதினைந்து வருசம் இயந்திர அறையில் இரைச்சலுக்குள் நின்ற ஓயிலருக்குக் காது மந்தமாகும். கப்பல் சாப்பாட்டின் உப்பும் கொழுப்பும், விட்டுவிட்டுக் கிடைக்கிற நித்திரையும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறும். அடுத்த ஒப்பந்தத்துக்கு வரும்போது அந்தக் காதும் அந்த அழுத்தமும்தான் அவரை வெளியே தள்ளும். வேலை தந்த வருத்தமே வேலையைப் பறிக்கும். அதனால் சோதனைக்கு முதல் கிழமைகளில் உப்பைக் குறைப்பதும், பன்றி இறைச்சியைத் தொடாமல் விடுவதும், குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும்.

சிலர் பழைய வருத்தத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். சொன்னால் கப்பல் இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸ் அரசாங்கத்தின் நிலையான மாலுமி ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. பரிசோதனையில் ஏற்கெனவே இருந்த வருத்தத்தைத் தெரிந்தே மறைத்தவருக்கு இழப்பீடு கிடையாது. ஆக, சொன்னால் வேலை போகும். சொல்லாமல் போய்க் கப்பலில் விழுந்தால் காசு போகும். இன்னொரு வாசகம்: வருத்தத்தோடு நாடு திரும்பினால் மூன்று வேலை நாளுக்குள் கொம்பனி சொல்கிற டொக்டரிடம் போய் நிற்கவேணும். போகாவிட்டால் உரிமை போச்சு. விமானத்தால் இறங்கி நேரே ஊருக்குப் போய், தாயின் மடியில் நாலு நாள் படுத்து எழும்பின ஆள் அதோடு இழப்பீட்டை இழக்கலாம். கப்பல் ஏறுகிறவன் பெட்டியில் உடுப்பு வைக்க முதல் ஒப்பந்தத்தின் பிரதியையும் மருத்துவ அறிக்கையின் பிரதியையும் வீட்டில் ஒரு நம்பிக்கையான ஆளிடம் கொடுத்துவிட்டுப் போகவேணும் என்பேன்.

வீட்டு ஆள் என்றதும் இன்னொன்று. அடிப்படைச் சம்பளத்தில் குறைந்தது 80 வீதத்தை ஒவ்வொரு மாதமும் ஊரில் ஒருவருக்கு அனுப்புவது அந்த ஒப்பந்தப்படி கட்டாயம். உழைப்பவரின் காசை நாட்டுக்குத் திருப்பவேணும் என்ற இந்த யோசனை 1974 இல் மார்கோஸ் காலத்துத் தொழிலாளர் சட்டக்கோவையிலேயே இருந்தது. நாட்டுக்கு டொலர் தேவை. யாரின் பெயரைப் போடுவது என்று போகமுதலே எழுதிக்கொடுக்கவேணும். மனைவியா, அம்மாவா? வெளிநாட்டுக் காசில் ஓடுகிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி என்ன செய்யும் என்று எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

காசின் அளவையும் சொல்லவேணும். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் கீழ் ஒத்துக்கொள்ளப்பட்ட, ஒரு ஏபியின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 2025 இல் மாதம் 673 அமெரிக்க டொலர். மேலதிக நேரக் கொடுப்பனவு, லீவுக் காசு எல்லாம் சேர்ந்தால் கூட வரும். ஊரில் கிடைக்கிற கூலியோடு பார்த்தால் நல்ல காசு, அதை மறுக்கேலாது. அந்தக் காசில் வீடு எழும்பியிருக்கிறது, தங்கச்சிமார் படித்து நேர்சாக வந்திருக்கினம். சில பெரிய கொம்பனிகள் தங்களின் சொந்தப் பயிற்சி நிலையத்தில் தாங்களே செலவழித்துப் பழக்குவதும் உண்மை. "விரும்பித்தானே போறாங்கள்" என்பவர்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாலோ பதின்மூன்றாலோ பிரித்துப் பாருங்கோ. நடுவில் போன மாதங்களின் அறை வாடகையையும் பயிற்சிக் காசையும் கழியுங்கோ. வட்டிக்கு எடுத்திருந்தால் அதையும். பிறகு எவ்வளவு மிஞ்சும்?

இந்தக் கடன்தான் மற்ற உரிமைகளையும் வெறும் எழுத்தாக்குகிறது. செங்கடலை எடுங்கோ. 2023 நவம்பரில் ஹூதிகள் பிடித்த கலக்சி லீடர் கப்பலின் இருபத்தைந்து பேரில் பதினேழு பேர் பிலிப்பினோக்கள். 2025 ஜனவரியில்தான் விட்டார்கள். 2024 மார்ச்சில் ட்ரூ கொன்பிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று பேர் செத்தார்கள், அதில் இருவர் பிலிப்பினோக்கள். அந்தக் கப்பலில் காவலுக்கு நின்றவர்களில் எங்கட நாட்டவர் இரண்டு பேரும் இருந்தார்கள். அதே வருசம் ஜூனில் டியூட்டர் கப்பலின் இயந்திர அறையில் இன்னொருவர் போனார். அந்த வழியாகப் போகமாட்டேன் என்று மறுக்கிற உரிமையை மணிலா தன் மாலுமிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் ஏழு மாதம் கலாவ் வீதியில் நின்று கடன்பட்டவன், அடுத்த தடவையும் அதே ஏஜென்சியிடம்தான் வரவேணும் என்று தெரிந்தவன், எந்தத் துணிவில் மறுப்பான்?

அரசாங்கம் இவர்களைப் புதிய வீரர்கள் என்று கூப்பிடும். கொராசன் அக்கினோ காலத்தில் இருந்து ஓடுகிற பட்டம் அது. 2024 செப்டெம்பரில் மாலுமிகளுக்கென்றே ஒரு பெரிய உரிமைச் சட்டத்திலும் ஜனாதிபதி கையெழுத்திட்டார். அதற்குள்ளே ஒரு பொறி: இழப்பீட்டு வழக்கில் வென்ற மாலுமி, மேன்முறையீடு முடியும் முன் சர்ச்சைக்குரிய தொகையைக் கையில் எடுக்கவேணும் என்றால் பிணை கட்டவேணும். நோயாளி எங்கே போய்ப் பிணை தேடுவான்? மாலுமி அமைப்புகள் கத்தியும் அது உள்ளேயே இருந்தது.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஏஜென்சி ஒரு ஆளைத் தெரிவுசெய்து "நில், கப்பல் வரும்" என்று சொன்ன நாளில் இருந்து ஒரு காத்திருப்புக் கொடுப்பனவு. கப்பலுக்குத் தேவையான பயிற்சிக்குக் கப்பல் முதலாளியே காசு. மருத்துவத்தில் தவறினால், அந்த வருத்தம் முந்திய ஒப்பந்தங்களில் வந்ததா என்று பார்க்க ஒரு சுயாதீனமான வழி. இதற்குச் சட்ட அடிப்படை கொஞ்சம் ஏற்கெனவே இருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை எடுத்துத் தருவதற்கு மாலுமியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு இந்த மூன்றின் செலவைத்தான் மாலுமியின் தலையில் போடலாம். விசாச் செலவு முதலாளியுடையது. அந்த மூன்றில் மருத்துவச் சான்றை வெளியே எடுப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

இதே உடன்படிக்கையை இலங்கையும் 2017 இல் ஏற்றுக்கொண்டது. கப்பலில் இடம் இருக்குத் தம்பி, இத்தனை லட்சம் கட்டு என்று ஆராவது உங்களிடம் வந்தால், எந்த விதியின் கீழ் அந்தக் காசு என்று எழுத்தில் கேளுங்கோ.