தாதியியல் ஆய்வும் கலாநிதிப் படிப்பின் வாயிற்கதவும்

தாதியொருவருக்குக் கலாநிதிப் பட்டம் எதற்கு? இவ்வினா கல்வி வாய்ப்பற்ற பாமரரிடமிருந்து எழுவதில்லை. கற்றோர் எனப்படுவோரே ஏளனப் புன்னகையுடன் இதனை எழுப்புகின்றனர். ஊசி ஏற்றுவதற்கும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்கும் ஆய்வேடு வேண்டுமா என்று கேட்போர், நெல்லைப் பற்றி ஆராயும் விவசாய விஞ்ஞானியிடமோ பாலங் கட்டும் பொறியியலாளரிடமோ அவ்வாறு கேட்பதில்லை. கையால் உழைப்போர் கருத்தால் உழைக்கமாட்டார் என்ற பழைய மேட்டிமை மனப்பான்மையே இங்கு புதிய வேடத்தில் வருகின்றது. உழைப்போர் பெண்களாகவும் இருந்துவிட்டால் அம்மனப்பான்மை இருமடங்காகின்றது.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை உலகம் எவ்வாறு நினைவுகூருகின்றது என்பதை நோக்கினாலே இவ்வுண்மை புலப்படும். கிரிமியப் போர்க்கால இரவுகளில் கையில் விளக்குடன் நோயாளரிடையே நடந்த கருணைத் தெய்வமாக அவரைச் சித்திரித்துப் பூசிப்போர் பலர். ஆனால் அவர் போரிலிருந்து மீண்டபின் இறப்புக் கணக்குகளைத் திரட்டி, போர்வீரருட் பெரும்பாலோர் காயங்களால் அன்றித் தடுத்திருக்கக்கூடிய நோய்களாலேயே மாண்டனர் என்பதை 1858 ஆம் ஆண்டில் வரைபடங்களாக்கி ஆட்சியாளர் முன் வைத்தவர். பிரித்தானியப் புள்ளிவிபரவியற் கழகத்தின் முதற் பெண் உறுப்பினரும் அவரே. உலகம் அவர் கையிலிருந்த விளக்கை வைத்துக்கொண்டது, கணக்கேட்டை மறந்துவிட்டது. மறதி தற்செயலானதன்று. விளக்கேந்தும் பெண்ணை வணங்குவது எளிது. கணக்குக் கேட்கும் பெண்ணுக்கோ பதில் சொல்லவேண்டும்.

தாதியியல் ஆய்வு வெறும் அலங்காரமன்று என்பதற்குச் சான்றுகள் உள. முதிய நோயாளருக்குப் படுக்கைப் புண் வராதிருக்க உடலிற் பல்வகைப் பூச்சுக்களைப் பூசித் தேய்ப்பது ஒரு காலத்தில் வழக்கமாயிருந்தது. இங்கிலாந்தில் டொரீன் நோர்ட்டன் என்னும் தாதி தம் சகபாடிகளுடன் இவ்வழக்கத்தை ஆராய்ந்து, 1962 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பூச்சுக்களால் பெரும்பயன் இல்லை, நோயாளரை ஒழுங்காகப் புரட்டிப் படுக்கவைத்து அழுத்தத்தை நீக்குவதே பயன் தருவது என்பது அம்முயற்சியாற் புலனாயிற்று. உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையுந்திறன், மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் புள்ளியிட்டு ஆபத்தை முன்னறியும் அளவுகோலும் அவ்வாய்விலிருந்தே பிறந்தது. இக்கேள்வி சத்திரசிகிச்சை நிபுணரின் மனத்தில் எழவில்லை. நோயாளியின் முதுகை நாள்தோறும் கழுவியவரின் மனத்திலேயே எழுந்தது.

இன்னொரு சான்றையும் காண்போம். லிண்டா எயிக்கன் என்னும் அமெரிக்கத் தாதியும் அவருடைய குழுவினரும் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் மேலதிகமாகச் சேருந்தோறும், சத்திரசிகிச்சை பெற்றோர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடிக் காணப்பட்டது. ஆளணிப் பற்றாக்குறை என்று நிர்வாகிகள் இலேசாகச் சொல்லிக் கடக்கும் ஒன்று, உயிர்களின் கணக்காக மாறிய தருணம் அது.

எயிக்கன் கலாநிதிப் பட்டம் பெற்றது சமூகவியலிலாகும். பண்பாட்டையும் நோயாளர் பராமரிப்பையும் இணைத்துக் கோட்பாடு வகுத்த மடலீன் லெயினிங்கர் என்னும் தாதி மானிடவியலிற் பட்டம் பெற்றார். தமக்கென ஆய்வுத்துறை வளராதிருந்த காலத்தில் அமெரிக்கத் தாதியர் பிற துறைகளின் கதவுகளைத் தட்டினர். 1962 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதற்கெனவே ஒரு பயிற்சித் திட்டத்தையும் ஏற்படுத்திற்று. ஆகவே, தாதியியல் ஆய்வு மருத்துவ பீடத்தாரின் விவகாரம் என்று கலைப்பீடத்தார் கைகழுவிவிடுதல் பொருந்தாது.

இலங்கையின் நிலை யாது? 1994 ஆம் ஆண்டில் திறந்த பல்கலைக்கழகம் தாதியருக்கான பட்டநெறியை ஆரம்பித்தது. பேராதனை, யாழ்ப்பாணம், சிறீ ஜயவர்த்தனபுரம் முதலிய பல்கலைக்கழகங்கள் பின்னர் தொடர்ந்தன. 2017 ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கெனத் தனிப்பீடமே தோன்றியது. படிகள் கட்டப்பட்டுவிட்டன. ஆயின் மேற்படியிலுள்ள கதவு எவ்வாறு திறக்கின்றது?

உள்நாட்டிலாயினும் வெளிநாட்டிலாயினும், கலாநிதிப் படிப்பின் விண்ணப்பப் படிவம் பொதுவாக வேண்டுவன சிலவே: உயர்ந்த பெறுபேறு, முன்னர் வெளியான ஆய்வுக் கட்டுரைகள், பேராசிரியர்களின் நற்சான்றுகள், ஆங்கிலத்தில் ஆய்வு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் இசைவு. வெளிநாடாயின் ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றும் வேண்டும். இரண்டாண்டு கழிந்தால் அதுவும் காலாவதியாகிவிடும். கேட்பதற்கு இவை நியாயமானவையே. ஆனால் பகலும் இரவும் மாறிமாறிக் கடமை புரிபவர் எந்த நேரத்திற் கட்டுரை எழுதுவது? பல்லாண்டுகளுக்கு முன் படிப்பை முடித்துத் தூரத்து ஆதார வைத்தியசாலையிற் பணிபுரிபவரை எந்தப் பேராசிரியர் நினைவில் வைத்திருப்பார்? அவரை நன்கறிந்த விடுதிப் பொறுப்புத் தாதியின் சாட்சியத்துக்கோ அங்கு மதிப்பில்லை. ஆய்வு செய்ய வாய்ப்பே அளிக்காத ஓர் அமைப்பு, ஆய்வு செய்ததற்குச் சான்று கேட்பது எவ்வகை நீதி?

குற்றம் வாயிற்காவலர் பக்கத்தில் மட்டுமன்று. விண்ணப்பதாரரை நெறிப்படுத்துவோரும் அவர்களைத் தவறான வழியிற் செலுத்துகின்றனர். சிறுவயது முதலே சேவை மனப்பான்மை உடையவர், துன்பங் கண்டு மனமிரங்குபவர் என்றெல்லாம் எழுதுமாறு தூண்டுகின்றனர். கருணை போற்றத்தக்கதே, எனினும் அது ஆய்வுத் தகைமை ஆகாது. விளக்கேந்திய தெய்வத்தின் படத்தையே விண்ணப்பத்திலும் ஒட்டுவோர், தாதிக்குச் சிந்தனை தேவையில்லை என்போரின் வாதத்துக்குத் தாமே சாட்சியாகின்றனர். இரவுக் கடமையில் எது தவறிப்போகின்றது, ஏன் தவறுகின்றது, அதனை எவ்வாறு அளந்தறிவது என்னும் ஒரேயொரு கூரிய வினா பத்துப் பக்கக் கருணையினும் மேலானது.

இதனாற் கல்வித்தரம் தாழும் என்போர் உளர். தரம் என்பது வாயிலில் நிற்கும்போது ஒருவர் அணிந்துள்ள ஆடையா, அன்றி வெளியேறும்போது அவர் கொண்டுசெல்லும் அறிவா? புள்ளிவிபரவியலையும் ஆய்வு முறையியலையும் அனுமதியின் பின் ஓராண்டிற் கற்பிக்க முடியும். பத்தாண்டு விடுதி அனுபவத்தை எந்த விரிவுரை மண்டபத்திலும் கற்பிக்க முடியாது. ஆங்கில நூல்களை வாசிக்காமல் ஆய்வு செய்ய இயலாது என்பதும் உண்மையே. ஆயினும் வாசிக்கும் ஆற்றல் வேறு, அலங்காரமாய் எழுதும் ஆற்றல் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவங் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். அம்மண்ணில் ஒரு தாதி தம் ஆய்வு வினாவைத் தமிழில் விளக்க அனுமதிக்கப்படலாகாது என்பது வரலாற்றையே பின்னோக்கி இழுப்பதாகும்.

பட்டம் பெற்றதும் நாட்டை விட்டுச் சென்றுவிடுவர் என்பது மற்றொரு வாதம். செல்வோர் உளர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கலாநிதிப் பட்டத்துடன் விடுதிக்குத் திரும்புபவருக்கு அங்கே ஆய்வுப் பதவி உண்டா? நேரம் உண்டா? திரும்பிவர இடமில்லாத வீட்டை விட்டுச் சென்றோரைப் பழிப்பதில் என்ன பயன்?

வேண்டுவன வெளிப்படையானவை. விண்ணப்பத்தின் முதற்பக்கம் சான்றிதழ்ப் பட்டியலுக்கன்றி ஆய்வு வினாவுக்கு ஒதுக்கப்படவேண்டும். விடுதியிற் கழித்த ஆண்டுகள் தகைமையாகக் கணிக்கப்படவேண்டும். நேர்முகத் தேர்வில் தாய்மொழி இடம்பெறவேண்டும். சம்பளத்துடனான கற்கை விடுமுறையும் மீண்டு வருவோருக்கு ஆய்வுப் பதவியும் உறுதிசெய்யப்படவேண்டும். இவை எவரிடமும் யாசிக்கும் சலுகைகளல்ல. கேட்கப்படாத வினாக்களுக்கு விலை கொடுப்போர் தாதியர் மட்டுமல்லர். எண்ணெயும் பூச்சும் தேய்க்கப்பட்டும் புண்பட்டுக் கிடந்த அந்த முதியோரைப் போன்ற நோயாளருமாவர். அவர்களுக்கு விண்ணப்பிக்க ஒரு படிவந்தானும் இல்லை.