டிராம் போனது, நடைபாதையுமா?

சென்னைத் தெருக்களில் 1895-ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. தெருவில் புகை கக்காத வண்டி! கம்பெனி நஷ்டத்தில் மூழ்கவே, 1953-இல் அதற்கு விடை கொடுத்தோம். 62 ஆண்டு கழித்து, 2015-இல் மெட்ரோ ரயில் வந்தது. அதுவும் மின்சாரத்தில் ஓடுவதுதான். கைவிட்டதை வேறு உருவில், பெருஞ் செலவில் திரும்பப் பெற்றோம்.

மெட்ரோ வந்ததைக் குறை கூறவில்லை. ஆனால், ஸ்டேஷன் வரை நடந்து போக வேண்டாமா? நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. சைக்கிள்காரரோ பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்.

நடப்பதற்கும் சைக்கிளுக்கும் பெட்ரோலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். இவற்றையும் இன்று தொலைத்துவிட்டு, இன்னும் 60 ஆண்டு கழித்துக் கோடி கோடியாகக் கொட்டித் தேடப் போகிறோமா? இருக்கும்போதே காப்பாற்றுவதல்லவா புத்திசாலித்தனம்!