காலடியில் நான்கு நூல் பலகை

பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறவர்கள் முதலில் பாயைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அடுத்து பாய்மரத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். குனிந்து தரைப் பலகையைத் தூக்கிப் பார்ப்பவர்கள் அபூர்வம். விற்பவருக்கு அது வசதி. படகின் உண்மையான வயது அந்தப் பலகைகளுக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது.

மும்பையில் எனக்குத் தெரிந்த ஒரு தமிழர், ஓய்வு பெற்ற எஞ்சினியர், இப்படித்தான் ஒரு பழைய என்டர்பிரைஸ் படகுக்கு எஜமானர் ஆனார். என்டர்பிரைஸ் என்பது 1956இல் ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த, பதின்மூன்றே கால் அடி நீளமுள்ள, இருவர் ஓட்டும் சிறு படகு. நீலப் பாய் அதன் அடையாளம். பிளைவுட்டை வெட்டி வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்பது அன்று அதன் கவர்ச்சி. 1982 ஆசிய விளையாட்டின் படகுப் போட்டிகள் மும்பையில் நடந்தபோது இந்தப் பிரிவில் தங்கம் வென்றது கராச்சியிலிருந்து வந்த பைராம் ஆவாரி, கோஷ்பி ஆவாரி தம்பதி. அரபிக் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்து இக்கரையில் ஜெயித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஃபைபர்கிளாஸ் வந்தது. மரப் படகுகள் கொட்டகைகளின் மூலைக்குப் போயின.

தரைப் பலகை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த வகை படகின் உடல் சுமார் கால் அங்குலப் பிளைவுட். அதன் மேல் நேராகக் காலை ஊன்றினால் முழு எடையும் ஒரு குதிகால் அளவு இடத்தில் இறங்கும். பலகை அந்த எடையை வாங்கி, குறுக்குச் சட்டங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. காற்று திடீரென்று திசை மாறும்போது ஓட்டுபவர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய வேண்டும். அந்த நேரத்தில் உளுத்த பலகை முறிந்தால் கால் அதோடு நிற்காது, படகின் தோலையும் கிழிக்கும். கரையிலிருந்து ஒரு மைல் தள்ளி, நீர் வடியும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கடல் நீர்தான் மரத்தை அழுகச் செய்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. உண்மை நேர் எதிர். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு உப்பு ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் தச்சர்கள் சட்டங்களுக்கு இடையே உப்பை அள்ளிக் கொட்டியே வைத்தார்கள். எதிரி, மழை நீர். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சிறு படகுகள் கரையேறிவிடுகின்றன. தார்ப்பாய் ஓர் இடத்தில் கிழிந்திருந்தால் போதும். நான்கு மாதமும் நல்ல தண்ணீர் அடியில் தேங்கி, காற்றோட்டம் இல்லாமல் பலகையை ஊற வைக்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மேலே பார்த்தால் வார்னிஷ் பளபளக்கும். கீழே பேனாக் கத்தியைச் செருகினால் ரஸ்கில் இறங்குவது போல் இறங்கும்.

நம் எஞ்சினியரின் படகில் கத்தி அப்படித்தான் இறங்கியது. ஆலோசனை சொன்னவர்களில் பெரும்பாலோர் காட்டிய வழி: பலகைகளின் மேலேயே ஃபைபர்கிளாஸ் துணியைப் போர்த்தி ரெசினை ஊற்றிவிடுங்கள், ஒரே நாளில் வேலை முடியும். இந்த யோசனையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே இருக்கும் ஈரத்தை நிரந்தரமாகச் சிறை வைக்கும் காரியம் இது. அதற்குமேல் அழுகல் கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் எட்டாது. படகை விற்றுத் தலைமுழுக நினைப்பவர்களுக்கு இது சரிப்படலாம். பேத்தியை ஏற்றிக்கொண்டு போக நினைப்பவருக்குச் சரிப்படாது. அவர் பலகைகளை மாற்றுவது என்று முடிவெடுத்தார்.

எந்த மரம்? தேக்குதான், சந்தேகமில்லை. ஆங்கிலத்தின் ‘டீக்’ நம் பக்கத்துத் தேக்கிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போன சொல். மும்பைக்கு இதில் சொந்தப் பெருமையும் உண்டு. இங்கே வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் வெள்ளோட்டம் விட்ட ‘டிரிங்கோமலீ’ - நம் திருகோணமலைதான் - இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அப்படிச் செய்யாது. ஆனால் தேக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் தேக்காகிவிடாது. மரத்தின் வெளிப்புற வெள்ளை, தேக்கிலும் சீக்கிரம் அழுகும். வைரம் பாய்ந்த பகுதியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இடிபடும் பழைய கட்டடங்களின் உத்தரங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அவை பல பத்தாண்டுகள் காய்ந்த மரம், இனி முறுக்காது. உள்ளே ஆணி புதைந்திருக்கும். அறுப்பதற்கு முன் பார்த்துப் பிடுங்காவிட்டால் வாளும் போய்விடும், ஆசாரியின் பொறுமையும் போய்விடும். தேக்கு கட்டுப்படியாகாதவர்கள் மேற்குக் கரைத் தச்சர்கள் படகுக்குப் பயன்படுத்தும் அயினியை நாடலாம்.

பழைய பலகைகளை, எவ்வளவு உளுத்திருந்தாலும், அவசரப்பட்டு அடுப்பில் போட்டுவிடாதீர்கள். படகின் வளைவை அறிந்தவை அவை மட்டுமே. புதுப் பலகைக்கு அவைதான் அச்சு. கனம் நான்கு நூல், அதாவது அரை அங்குலம், தாராளம். அதிகம் வைத்தால் சுமைதான் கூடும். பலகைகளுக்கு இடையே விரல் நுழையாத அளவுக்கு இடைவெளி வேண்டும்: தண்ணீர் இறங்க, காற்று ஏற, மரம் ஊறினால் உப்ப. நெருக்கி அடித்தால் உப்பிய பலகை சட்டத்தையே நெம்பிவிடும். சட்டங்களின் அடியில் நீர் ஓடும் சிறு துளைகள் பழைய பெயின்ட்டால் அடைத்திருக்கும்; அவற்றைத் திறந்துவிட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பசை போட்டு ஒட்டவே கூடாது, திருகாணி மட்டும். சாதாரணப் பித்தளையில் உள்ள துத்தநாகத்தைக் கடல் நீர் தின்றுவிடும். ஆணி செம்பு நிறமாகி, தொட்டால் உடையும். சிலிக்கான் வெண்கலம் உத்தமம். கிடைக்காவிட்டால் 316 ரக ஸ்டெயின்லெஸ்.

கடைசி வேலை பூச்சு. பெரும்பாலானோர் இதில்தான் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் ஆறு கை வார்னிஷ் அடித்து, அடிப்பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஈரம் புகுவது அடிப்பக்கத்திலும் வெட்டு முனைகளிலும்தான். முதலில் அசிட்டோனால் துடைத்துத் தேக்கின் எண்ணெயை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வார்னிஷ் பிடிக்காது. முதல் கைக்குப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்தால் மரம் அதைக் குடிக்கும். பிறகு ஒவ்வொரு கைக்கும் இடையில் 220ஆம் எண் உப்புத்தாள். மிதிக்கும் பக்கத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம், நனைந்தால் வழுக்கும்; ஈர வார்னிஷில் நைசான மணலைத் தூவினால் போதும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே கூடாது. அக்டோபர் தாண்டி, காலை வெயிலில் ஆரம்பித்து, மாலைப் பனி இறங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

முதல் கை அடிப்பதற்கு முன் ஒவ்வொரு பலகையின் அடியிலும் பென்சிலால் எண் எழுதிவிடுங்கள். வார்னிஷுக்குள் அது அழியாமல் இருக்கும். ஜூன் பிறக்கும்போது பலகைகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு, படகைச் சற்றுச் சாய்த்து, அடைப்பானைத் திறந்துவிட்டு வந்துவிடலாம். எஞ்சினியர் வீட்டில் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்ட தேக்குப் பலகைகள் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அவர் மனைவிக்கு அதில் ஒரே ஒரு ஆட்சேபம்: கூட்டுவதற்குத் துடைப்பம் உள்ளே போகவில்லையாம்.