பீரோவுக்குள் தூங்கும் துப்பாக்கி

ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னாலும் பேப்பரின் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும், கவனித்திருப்பீர்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று. மயிலாப்பூரிலும் அடையாறிலும்கூட துப்பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டு எண்ணி முடித்ததும் அது வீட்டுக்குத் திரும்பிவிடும். என் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. மற்ற நாட்களில் அது எங்கே தூங்குகிறது?

நம்மில் பெரும்பாலானோருக்குத் துப்பாக்கி என்றால் மெரினாவில் பலூன் சுடுவதும், தீபாவளிக்கு ரோல் கேப் வெடிப்பதும்தான். தி.நகர் உஸ்மான் ரோட்டில் நகைக்கடை வாசலில் செக்யூரிட்டி தோளில் தொங்கும் நீளத் துப்பாக்கியைப் பார்த்திருப்போம், அவ்வளவுதான். இது அமெரிக்கக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று தோன்றுவது இயல்பு. அங்கே போல வீட்டுக்கு வீடு இங்கே துப்பாக்கி இல்லை என்பதும் உண்மை. அது நல்ல விஷயம்தான். ஆனால் அதிலேயே ஒரு தொல்லையும் இருக்கிறது. நாலு வீட்டில் இருந்தால் நாலு பேர் எச்சரிப்பார்கள். ஒரே வீட்டில் இருந்தால் அது பெருமை. புடவைக்கும் பத்திரங்களுக்கும் நடுவே பீரோவில் கிடக்கும். விருந்தாளி வந்தால் எடுத்துக் காட்டப்படும்.

2024 அக்டோபர் 1 விடியற்காலையில் மும்பையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். இந்தி நடிகர் கோவிந்தா ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது கை நழுவிக் கீழே விழுந்து வெடித்ததாகச் சொன்னார்கள். குண்டு அவர் காலில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். நம் ஊரில் வழக்கம்போல இதை வைத்து ஜோக் அடித்தோம். எனக்கு உறுத்தியது வேறு. அலமாரிக்கும் கைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்த அந்தச் சாமானில் குண்டு நிரம்பியிருந்தது! அந்த நேரத்தில் அந்த அறையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால்?

"எங்க வீட்டுப் பசங்க அதையெல்லாம் தொடமாட்டாங்க" என்று சொல்லும் அப்பாக்களுக்காகவே ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து டாக்டர்கள் செய்தது, 2001-இல் வெளிவந்தது. 8 வயது முதல் 12 வயது வரையிலான பையன்களை இரண்டு மூன்று பேராக ஒரு அறையில் விட்டார்கள். ஒரு டிராயரில் நிஜக் கைத்துப்பாக்கி (குண்டு இல்லாமல்தான், பயப்படாதீர்கள்). கால் மணி நேரம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். மொத்தம் 29 குழுக்கள். 21 குழுக்கள் துப்பாக்கியைக் கண்டுபிடித்தன. 16 குழுக்களில் கையில் எடுத்தார்கள். 10 குழுக்களில் யாரோ ஒரு பையன் விசையை அழுத்தியே விட்டான். அப்படி எடுத்தவர்களிலும் அழுத்தியவர்களிலும் 100-க்கு 90 பேருக்கு மேல், துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது போன்ற பாடத்தை ஏற்கெனவே கேட்டவர்கள்!

இதற்கு அட்லாண்டா வரை போயிருக்கவே வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரம் பரண் மேல் எவர்சில்வர் டப்பாவில் ஒளித்து வைத்த முறுக்கு எத்தனை நாள் தாங்கியது என்று உங்கள் அம்மாவைக் கேட்டால் போதும். ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. தலையணைக்கு அடியில், புத்தக அலமாரியின் பின்னால், சாமி அறை மேல்தட்டில் என்று பெரியவர்கள் கண்டுபிடிக்கும் ரகசிய இடங்கள் எல்லாமே அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ரகசியம் இல்லை.

குழந்தைகளை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 2011 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை, நம் சென்னையிலேயே, தீவுத்திடல் பக்கம் ராணுவ அதிகாரிகள் குடியிருப்பு. பாதாம் கொட்டை பொறுக்க உள்ளே போன 13 வயதுப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்டவர் அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. துப்பாக்கியைக் கூவத்தில் வீசிவிட்டார், போலீஸ் தேடி எடுத்தது. 2012-இல் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. இது கை தவறி நடந்தது இல்லை, கொலைதான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனாலும் யோசியுங்கள். மரத்தடியில் பசங்க நுழைந்தால் எரிச்சல்படாத வீட்டுக்காரர் உண்டா? எல்லா வீட்டிலும் கத்துவார்கள், குச்சியை எடுத்துக்கொண்டு வருவார்கள், ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த வீட்டில் மட்டும், அந்த ஐந்து நிமிடத்துக்குள் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு ரைபிள் இருந்தது. இத்தனைக்கும் அவர் ஆயுதத்தோடு ஆயுள் முழுக்கப் பழகியவர்.

அந்த ஐந்து நிமிடம்தான் விஷயம். நம் தமிழ்நாட்டுக்காரர்களே இதை வேறு ஒரு பொருளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மயிலாப்பூருக்குப் பக்கத்தில் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் சிநேகா, 1986-இல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. அதை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் மற்றவர்களும் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்ததாக 2013-இல் எழுதினார்கள். கஷ்டம் போய்விடவில்லை. கைக்கும் மருந்துக்கும் நடுவே கொஞ்ச தூரம் வந்தது, அவ்வளவுதான். பூச்சிமருந்துக்குப் பொருந்துவது துப்பாக்கிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும், ஏனென்றால் குண்டு பாய்ந்த பிறகு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட நேரம்கூடக் கிடைக்காது.

"திருடன் வந்து நிற்கும்போது சாவி தேடிக்கொண்டிருக்க முடியுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் ஊர்த் திருட்டுச் செய்திகளைப் படித்தால் பாதிக்கு மேல் 'பூட்டியிருந்த வீட்டில்' என்றே ஆரம்பிக்கும். குடும்பத்தோடு திருப்பதி போயிருப்பார்கள். அப்போது பீரோவில் கிடக்கும் துப்பாக்கி யாரைக் காப்பாற்றும்? நகையோடு நகையாக அதுவும் போகும். அடுத்த தெருவில் இன்னொரு வீட்டுக்காரர் நெஞ்சுக்கு நேராக நிற்கப்போவது அதுதான்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த ஆயுத விதிகளின்படி, உரிமம் கேட்பவர் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். 2019-இல் சட்டத்தைத் திருத்தி ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். எண்ணிக்கையைக் குறைத்தது சரி. ஆனால் எழுதிக் கொடுத்த காகிதம் பூட்டு ஆகாது. சென்னையில் உரிமம் கொடுப்பது போலீஸ் கமிஷனர். புதுப்பிக்க வரும்போது, சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி இருக்கிறதா, குண்டுகள் தனிப் பூட்டில் இருக்கின்றனவா என்று ஒரு ஏட்டையாவை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தால் என்ன? பாஸ்போர்ட்டுக்கு வீடு தேடி வருகிறார்களே! அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்வதும் இதே மூன்றைத்தான்: குண்டை எடுத்துவிடு, துப்பாக்கியைப் பூட்டு, குண்டைத் தனியாகப் பூட்டு. அங்கே 2020 முதல் பிள்ளைகளும் பதின்வயதினரும் சாவதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான். பட்டவர்கள் சொல்கிறார்கள், கேட்டுக்கொள்வதில் நமக்கு நஷ்டம் இல்லை.

கடைசியாக, மயிலாப்பூர் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஒன்று. தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் போனபிறகு யார் பேரிலும் உரிமம் இல்லாமல் பரணில் கிடக்கலாம். துரு ஏறிவிட்டது, இனி வெடிக்காது என்று நினைத்து அதை எடுத்து ஆராய வேண்டாம். பேரன் கையில் கொடுத்து போட்டோ எடுக்கவும் வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கலாம். வாரிசு விரும்பினால் தன் பேருக்கு உரிமம் கேட்கலாம். முதலில் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு, எப்படிக் கொண்டு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டு எடுங்கள்.