கெட்டதா, கெடுத்தார்களா?

கலூரில் ஒரே அறையில் நான்கு பேராகத் தங்கி வேலைக்குப் போகும் தமிழர்கள் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தாளித்தவுடனேயே வாடை சரியில்லை. கடைக்காரரிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு மனுப் போடுவதென்று முடிவாகிறது. நால்வரில் குமாஸ்தாவாக இருப்பவர் பேனாவை எடுத்து, கடைக்காரர் எண்ணெயை "அடல்டரேட்" செய்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார். உண்மையில் அதில் யாரும் எதையும் கலக்கவில்லை. மாதக்கணக்கில் கிடந்த சரக்கு, சிக்கு வாடை அடித்துவிட்டது. வேற்று எண்ணெய் இல்லை என்று ஆய்வில் தெரிந்ததும் கடைக்காரர் நிமிர்ந்து நிற்கிறார். மனுப் போட்டவர்கள் பொய்யர்களாகிறார்கள். பழைய சரக்கை விற்ற குற்றம் அந்தச் சந்தடியில் மறைந்துபோகிறது.

ஒரு வினைச்சொல் செய்த வேலை இது. பால் "கெட்டது" என்பதும் பாலைக் "கெடுத்தார்" என்பதும் ஒன்றல்ல என்பது எழுதப் படிக்கத் தெரியாத தமிழருக்கும் தெரியும். முன்னதில் ஆள் இல்லை. பின்னதில் ஆள் இருக்கிறார். ஆங்கிலத்தில் "ஸ்பாயில்" என்ற சொல் இரண்டுக்கும் வரும். ஆனால் "அடல்டரேட்" அப்படி வராது. அங்கே கலந்த கை ஒன்று இருந்தே தீரவேண்டும்; பெரும்பாலும் லாப நோக்கமும் இருக்கும். "கன்டாமினேட்" என்பது வேறு. அழுக்கோ விஷமோ உள்ளே போய்விட்டது; வேண்டுமென்றே போட்டிருக்கலாம், தானாகவும் சேர்ந்திருக்கலாம்.

குழப்பத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டம், அழுகியதையும் புழு வைத்ததையும்கூட "அடல்டரேட்" ஆன பண்டம் என்ற ஒரே மூட்டையில் கட்டியிருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டம் மூட்டையைப் பிரித்துவிட்டது. கலப்படப் பொருள் தனி, மாசுப் பொருள் தனி, தரம் குறைந்த பண்டம் தனி, பாதுகாப்பற்ற பண்டம் தனி. தரம் குறைந்ததை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பாதுகாப்பற்றதை விற்று உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு. (எலி மயிர் மாசுப் பொருள் ஆகாதாம், அதை "அன்னியப் பொருள்" என்று வேறு கணக்கில் வைத்திருக்கிறார்கள். தின்றவருக்கு இரண்டும் ஒன்றுதான்.) சட்டம் மாறியும் மனு எழுதுகிறவர்களின் கை மட்டும் 1954லேயே நிற்கிறது.

கேரளத்தில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெருவிலேயே எழுதியிருக்கிறது. டீக்கடையில் கிடக்கும் மலையாளப் பத்திரிகையில் "மாயம்" என்று பார்த்துவிட்டு ஏதோ காணாமல் போனதாக நினைத்துக்கொண்ட தமிழர்கள் உண்டு. அங்கே மாயம் சேர்த்தல் என்றால் கலப்படம் செய்தல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பலகையிலோ "மலினீகரணம்" என்றிருக்கும். ஒன்று அடல்டரேட், மற்றது மாசுபடுத்தல்.

மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை தூக்கியவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மிளகோடு பப்பாளி விதை கலந்தால் அது கலப்படம். ஈரத்தில் பூசணம் பிடித்தால் கெட்டுப்போனது. முற்றாத பொக்கு மிளகைச் சேர்த்து ரகத்தை இறக்கினால், அது "டிபேஸ்". உள்ளதெல்லாம் மிளகுதான், மதிப்புத்தான் போயிற்று. 2012 இறுதியில் கொச்சிக் கிடங்குகளில் மினரல் ஆயில் படிந்த மிளகு என்று ஆயிரக்கணக்கான டன் சரக்குக்கு அதிகாரிகள் சீல் வைத்தபோது, மெருகுக்காகப் பூசினார்களா, வேறு வழியில் ஒட்டியதா என்பதுதான் முதல் கேள்வி. அது எந்த வினைச்சொல் என்ற கேள்வியும்கூட.

இந்தச் சொல் தமிழர் மேலேயே திரும்பியதும் உண்டு. 2023 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த 15,300 லிட்டர் பால் ஆரியங்காவு சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்தப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்கிறது என்றது கேரளப் பால்வளத் துறை. உணவுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வில் அது காணப்படவில்லை. தாமதமாகச் சோதித்ததால் மறைந்திருக்கும் என்று முன்னவர்கள் சொன்னார்கள். இரு துறைகளும் ஒரே அரசாங்கத்தைச் சேர்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் வழக்கு முடியுமுன்பே "தமிழ்நாட்டுக் கலப்படப் பால்" என்ற பேச்சு ஊர் முழுவதும் போய்விட்டது. "சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்ட பால்" என்று சொல்ல எவருக்கும் நாக்கு வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போன தமிழர்கள், பால் வியாபாரத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாவிட்டாலும், அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டியிருந்தது. அன்று வலித்தவர்கள், கலூர் மளிகைக்காரர் மேல் அதே சொல்லைப் போடுமுன் ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

"டிபேஸ்" என்பதற்கு நாணயத்தைக் காட்டிலும் நல்ல உதாரணம் இல்லை. கி.பி. 64 வாக்கில் நீரோ மன்னன் ரோமாபுரி வெள்ளிக்காசில் வெள்ளியைக் குறைத்தான். மூன்றாம் நூற்றாண்டில் காசு பெயருக்குத்தான் வெள்ளி. தமிழகத்துப் புதையல்களில் நீரோவுக்கு முந்திய அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் ஏராளமாகக் கிடைப்பதைப் பார்த்தால், அன்றைய வியாபாரிகளுக்குத் தரம் பார்க்கத் தெரிந்திருந்தது என்றே தோன்றுகிறது.

"கரப்ட்" என்றதும் எல்லோருக்கும் லஞ்சம்தான் நினைவு வரும். ஆனால் 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 277ஆவது பிரிவு, பொதுக் குளத்து நீரைக் கெடுப்பதற்கும் இந்தச் சொல்லையே வைத்திருந்தது. இன்றைக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் ஃபைல் "கரப்ட்" ஆனால் யாரும் கைநீட்டி வாங்கியதாக அர்த்தமில்லை. மனிதரைப் பற்றி எழுதும்போதுதான் ஆபத்து.

அந்த ஆபத்து குமாஸ்தாக்களுக்கு அதிகம். இலாகா விசாரணையில் ஒருவருக்குச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி மறுக்கப்படுகிறது. கேட்ட தஸ்தாவேஜின் நகலும் தரப்படவில்லை. தண்டனை வருகிறது. அப்பீல் எழுதுகிறவர் ஆத்திரத்தில், அதிகாரி விசாரணையை "கரப்ட்" செய்துவிட்டார் என்று எழுதினால், லஞ்சக் குற்றச்சாட்டு சுமத்தியதாகிவிடும். ஆதாரம் கேட்பார்கள். புதிதாக இன்னொரு சார்ஜ் ஷீட்டும் வரலாம். அங்கே வேண்டிய சொல் "விஷியேட்". யாரையும் திருடர் என்று சொல்லாது. முறை தவறியதால் விசாரணை பழுதாகிச் செல்லத்தகாததாயிற்று என்று மட்டும் சொல்லும். அதை எழுதி, எந்தத் தேதியில் எந்தச் சாட்சியைக் கேட்க விடவில்லை என்பதை அடுத்த வரியிலேயே குறிக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் வழி இன்னும் எளிது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பண்டத்தைச் சோதிக்கக் கொடுக்கலாம். அப்படிச் செய்யப்போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அறிக்கை கைக்கு வரும்வரை மனுவில் "வாடை சரியில்லை, சோதிக்கவும்" என்றிருந்தால் போதும்.