நானோன்னு பேர் வெச்சா மட்டும் போதுமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாச்சு. மெக்கானிக்கல், மெட்டலர்ஜி பக்கம் எட்டிப் பார்த்தா ஒரு தலைப்பு கண்டிப்பா இருக்கும்: நிக்கல் முலாம், கூட ஏதாவது ஒரு நானோ துகள். ஒரு வருஷம் சிலிக்கான் கார்பைடு, ஒரு வருஷம் அலுமினா, அடுத்து கிராஃபீன். துகள் மாறும், முடிவு மட்டும் மாறாது. "கடினத்தன்மை அதிகரித்தது." கைதட்டல், டீ, பிஸ்கட்.

நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன்தான். அதனால உரிமையோடவே சொல்றேன், நாம செய்யறதுல பாதி புராஜெக்ட் இல்ல, சடங்கு.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: நிக்கல் சல்ஃபேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம் மூணும் சேர்ந்ததுதான் வாட்ஸ் கரைசல். மின்சாரம் கொடுத்தா எதிர்மின்வாயில தொங்குற பொருள் மேல நிக்கல் படியும். அதே கரைசல்ல கடினமான நுண்துகளைப் போட்டுக் கலக்கிட்டே இருந்தா, வளர்ற நிக்கல் அந்தத் துகளையும் உள்ளே பூட்டிக்கும். கான்கிரீட்டுக்குள்ள ஜல்லி மாதிரி.

இது புதுசும் இல்ல. 1967-லேயே ஜெர்மனியின் மாலே நிறுவனம் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த 'நிக்காசில்' பூச்சை வாங்கெல் இன்ஜினுக்காக உருவாக்கியது. பிறகு போர்ஷே 917 ரேஸ் காருக்குப் போச்சு. அலுமினிய சிலிண்டருக்குள்ள இரும்பு லைனரே தேவையில்லாமப் போச்சு. இத்தனைக்கும் அதுல இருக்கிற துகள் நானோ இல்ல, மைக்ரான் அளவு.

அதே நிக்காசில் 1990-களில் அடியும் வாங்கியது. பிஎம்டபிள்யூ, ஜாகுவார் வி8 இன்ஜின்கள்ல, கந்தகம் அதிகமான பெட்ரோல் ஊத்தின இடங்கள்ல சிலிண்டர் சுவர் அரிச்சுப்போச்சு. தோத்தது துகள் இல்ல. அதைப் பிடிச்சுக்கிட்டு இருந்த நிக்கலை அமிலம் தின்னுடுச்சு. கடினத்தன்மை எண்ணை மட்டும் பார்த்து ஒரு பூச்சை நம்பக்கூடாதுங்கறதுக்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்?

இப்ப எங்க கதைக்கு வரேன். பாட்டில்ல '50 நானோமீட்டர்'னு எழுதின அலுமினா வாங்கினோம். பீக்கர், மேக்னெட்டிக் ஸ்டிரர், ஒரு டெசிமீட்டர் சதுரத்துக்கு 3 ஆம்பியர், அரை மணி நேரம். கடினத்தன்மை ஏறிடுச்சு, ஒரே குஷி. அப்புறம் கோயம்புத்தூர்ல ஒரு பிளேட்டிங் பட்டறை அண்ணன்கிட்ட சாம்பிளைப் பெருமையா நீட்டினேன். அவர் சாம்பிளைப் பார்க்கவே இல்ல. "தம்பி, கலக்கறத நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் கழிச்சு பீக்கரைப் பாத்தியா?"ன்னு கேட்டார்.

பார்த்தேன். அடியில வெள்ளையா மண்டி. வாட்ஸ் கரைசல்ல அயனிகள் அவ்வளவு அடர்த்தி. துகள்களை ஒண்ணையொண்ணு தள்ளி வைக்கிற மின்விலக்கு அதுல செத்துப்போகும், துகள் எல்லாம் கட்டி கட்டியா சேர்ந்துடும். பாட்டில்ல 50 நானோமீட்டர், பீக்கர்ல மைக்ரான் கணக்கு.

அதோட விடல. ஃபாரடே விதிப்படி அந்த அரை மணி நேரத்துல படியற நிக்கல் சுமார் 18 மைக்ரான். 300 விக்கர்ஸ் பூச்சுல 100 கிராம் எடையில குத்தினா ஊசி சுமார் 3.5 மைக்ரான் இறங்கும். பூச்சோட பத்துல ஒரு பங்கைத் தாண்டி ஊசி இறங்கக்கூடாதுங்கறது பாடப்புத்தக விதி. அப்போ எங்களுக்கு வந்த எண்ணுல கீழே இருக்கிற மைல்டு ஸ்டீலும் சேர்ந்து பேசியிருக்கு. இதுல துகள் போடாத வெறும் நிக்கல் சாம்பிளே நாங்க செய்யல. துகள் இருந்தாலே நிக்கலோட படிக அளவும் மாறலாம், கலக்கறதும் முலாமை மாத்தும். எதனால கடினம் கூடுச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்?

இன்னும் வெக்கக்கேடானது ஒண்ணு இருக்கு. அஞ்சு சாம்பிள் செஞ்சோம், ரிப்போர்ட்ல மூணுதான் இருக்கு.

"எஸ்ஈஎம் ஸ்லாட்டே கிடைக்கல, இதுல இதெல்லாமா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா நான் சொல்றதுக்குக் காசு வேண்டாம். கரைசலை ஒரு மெஷரிங் ஜார்ல ஊத்தி, எவ்வளவு நேரத்துல படியுதுன்னு குறிங்க. முலாமுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை போட்டு தடிமன் கணக்குப் போடுங்க. அதே கலக்கல், அதே நேரத்துல துகள் இல்லாம ஒரு சாம்பிள் செய்யுங்க. சொதப்பினதையும் ரிப்போர்ட்ல எழுதுங்க.

இது மார்க் விஷயம் மட்டும் இல்ல. ஹார்ட் குரோம் தொட்டியில இருக்கிற ஆறிணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்துல 2017 செப்டம்பர்ல இருந்து தனி அனுமதி இல்லாம அந்தக் குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்தக்கூடாது. அதுக்கு மாற்றா யோசிக்கிறதுல இந்தத் துகள் கலந்த நிக்கலும் ஒண்ணு. நிக்கல் உப்பும் ஒண்ணும் சாது இல்ல, ஆனாலும் வழி தேடணும். மின்வேதியியலுக்குன்னே 1953-ல இருந்து ஒரு தேசிய ஆய்வகம் இயங்குற காரைக்குடி நம்ம ஊர்லதான் இருக்கு. நம்ம ரிப்போர்ட்டை நம்பி ஒரு பட்டறைக்காரர் தன் தொட்டியில ஒரு கிலோ பவுடரைக் கொட்டினா, வீணாப் போறது அவர் காசு.

அடுத்த ரிவ்யூவுக்கு எங்க டீம் அஞ்சு சாம்பிளையும் போடப்போகுது. மார்க் குறையலாம். அந்த அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசவாவது முடியும்.