கணினி பழசாகலாம், கணக்கு தொலையக் கூடாது

ஒக்டோபர் மாதத்து மழையைப் பற்றிப் பண்டாரவளைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மதியம் வரை வெயில் எறிக்கும். பிறகு மலை இருண்டு, இடி மின்னலோடு கொட்டித் தீர்க்கும். சில வருடங்களுக்கு முன் அப்படியொரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கடையில் கரண்ட் மூன்று முறை போய் வந்தது. மறுநாள் ஞாயிறு, சந்தை நாள். தோட்டங்களிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் சனம் இறங்கி வருகின்ற நாள். காலையில் கணினியைப் போட்டேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் மட்டும் நின்றது. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை அல்லது அது பழுதாகிவிட்டது, விண்டோஸைத் திறக்க முடியாது என்பது அதன் சாரம்.

அது விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய இயந்திரம். ஒரு திருத்துமிடத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த பொடியன் பார்த்துவிட்டு, “நானா, விண்டோஸைப் புதுசாப் போட்டாச் சரி. பின்னேரம் வாங்க” என்றார். “சரி தம்பி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பின்னேரம் போனபோது கணினி பளிச்சென்று வேலை செய்தது. அந்தப் பச்சை மேடும் நீல வானமும் திரையில் சிரித்தன. ஆனால் இரண்டு வருடக் கடன் கணக்கு இல்லை. கொழும்பு மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டிய கணக்கும் இல்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் புது விண்டோஸ் போட்டிருக்கிறார்கள். “உள்ளே ஏதாவது இருக்கிறதா?” என்று அவர் கேட்கவில்லை. “உள்ளே என் கணக்கு இருக்கிறது” என்று நானும் சொல்லவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. திருத்தித் தா என்றேன், திருத்தித் தந்தார்.

எங்கள் கடையில் தோட்டத்து மக்களுக்குக் கடன் கொடுப்பது வழமை. மாதம் 10ஆம் திகதியளவில் சம்பளம் வந்ததும் வந்து கட்டுவார்கள். வேறு வழியில்லாமல், வந்தவர்களிடம் உண்மையைச் சொன்னேன். அடுத்த வாரம் கொழுந்து பறிக்கின்ற ஓர் அம்மா பொலித்தீனில் சுற்றிய ஒரு கொப்பியோடு வந்தார். “முதலாளி, ஒங்க பொட்டியில போனா என்னா, எங் கொப்பியில இருக்குதானே. மூவாயிரத்து நானூத்தி எம்பது” என்று சொல்லி விரித்துக் காட்டினார். என்னிடம் கணினி இருந்தது, பிரின்டர் இருந்தது. பிரதி இருந்தது அந்த அம்மாவிடம்.

அவரைப் போலப் பலர் வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள். கொழும்புக் கணக்கில் அவர்கள் சொன்ன தொகையை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வருடம் ஸகாத் கணக்குப் பார்க்கக் குந்தியபோது, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று எனக்கே தெரியாது. வியாபாரிக்கு இதைவிட வெட்கம் வேறென்ன?

பழைய கணினியை ஏன் வைத்திருக்கிறோம்?

‘இந்தக் காலத்திலும் எக்ஸ்பியா?’ என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களுக்குக் கடையின் நிலைமை தெரியாது. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியது. இறக்குமதியாகின்ற கணினியின் விலையும் கூடவே ஏறியது. புதுக் கணினி வாங்கினால் அதோடு செலவு முடியவும் மாட்டாது. பில் போடுகின்ற மென்பொருள் எக்ஸ்பிக்காக எழுதப்பட்டது. காபன் வைத்து மூன்று பிரதி அடிக்கின்ற டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரின் அகலமான வயரைச் செருகப் புதுக் கணினியில் இடமே இல்லை. ஓடுகின்ற வண்டியை ஏன் மாற்ற வேண்டும் என்ற நியாயம் எனக்கு விளங்குகிறது. நானும் அப்படித்தான்.

ஆனால் ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் பாடத்தில் பணிசெயல் முறைமை என்கிறார்களே, நாம் விண்டோஸ் என்று சொல்வது, அதற்கும் ஆயுள் இருக்கிறது. எக்ஸ்பி 2001 ஒக்டோபரில் வந்தது. மைக்ரோசொப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு அதைக் கைவிட்டது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் திகதி முடிந்தது. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்துவிட்டது. விரும்பிப் பதிகின்ற தனிப் பாவனையாளர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13 வரை என்று நீட்டினார்கள்.

முடிந்தது என்றால் கணினி மறுநாள் நின்றுவிடும் என்று அர்த்தமல்ல. பூட்டில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் பூட்டுக் கம்பனி இனி வந்து அடைத்துத் தர மாட்டாது, அவ்வளவுதான். பூட்டு அதே பூட்டுத்தான். கள்ளன்தான் ஒவ்வொரு நாளும் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறான்.

அலட்சியத்தின் விலை

2017 மே 12ஆம் திகதி ‘வன்னாக்ரை’ என்ற வைரஸ் உலகத்தைப் பிடித்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்டது. இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகள்கூடத் தடுமாறின. நிலைமையைப் பார்த்து, கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. ஆனால் அகப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அதற்குரிய திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14ஆம் திகதியே வந்திருந்தது. அதைப் போடாதவர்கள்தான் மாட்டினார்கள். அங்கே அகப்பட்டது பழசு அல்ல, அலட்சியம்.

நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2023 ஒகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியை இதே மாதிரியான கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன, ஏனென்றால் அந்தக் காலத்துக்குரிய பிரதி இல்லை. அங்கே ஓடியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதை மாற்ற 2021இலிருந்தே யோசித்தும், பணமும் தீர்மானமும் தாமதமாயின என்று பொறுப்பான நிறுவனமான இக்டா சொன்னது. நாமும் கடையில் இதே காரணத்தைத்தானே சொல்கிறோம்? அரசாங்கத்துக்கே மூன்று மாதக் கடிதம் போனது என்றால், நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்ற கணினி எம்மாத்திரம்?

ஆகவே என் கருத்து இதுதான். பயந்துபோய்ப் பழைய கணினியைத் தூக்கி எறியவும் வேண்டாம். ‘இத்தனை வருடம் ஓடியதுதானே’ என்று அதை நம்பி நித்திரை கொள்ளவும் வேண்டாம். அதற்கு ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். கணக்கின் பிரதியை அதற்கு வெளியே வையுங்கள்.

மக்கர் பண்ணினால்

பழைய கணினியில் அடிக்கடி வருகின்ற கோளாறுகள் சில உண்டு. அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

1. திகதி பின்னோக்கிப் போவது. காலையில் போட்டால் பல வருடம் பழைய திகதி காட்டும். பில்லிலும் பிழையான திகதி அடிபடும். இது வைரஸ் அல்ல. உள்ளே சிஆர் 2032 என்ற நாணயம் போன்ற பற்றரி இறந்துவிட்டது. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். மாற்றிவிட்டுத் திகதியைச் சரி செய்தால் போதும்.

2. விண்டோஸ் திறக்காமல் கறுப்புத் திரையில் நிற்பது. எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7இலும் கணினியைப் போட்டவுடன் எஃப் 8 பொத்தானை விட்டு விட்டு அழுத்துங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் ‘சேஃப் மோட்’, ‘லாஸ்ட் நோன் குட்’ இரண்டையும் முயன்று பாருங்கள். பல நேரம் இதிலேயே திறந்துவிடும். திறக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். விண்டோஸ் கெட்டுப்போவது வேறு, ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போவது வேறு. கடையின் கதவுப் பூட்டு இறுகிவிட்டால் உள்ளே இருக்கின்ற சாமான் அழுகிவிடுமா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதற்குரிய வயரால் இன்னொரு கணினியில் மாட்டினால் கோப்புகளை எடுக்கலாம். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் திறந்தும் எடுக்கலாம். எனக்கு வந்த அந்தக் கோளாறுக்குக்கூட, பழுதான கோப்பின் பழைய பிரதியை எக்ஸ்பி தன்னுள்ளேயே வைத்திருக்கும், எக்ஸ்பி சிடியைக் கொண்டு அதை மீளப் போட வழியுண்டு என்று பிறகுதான் அறிந்தேன்.

3. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்ற சத்தம். இது மட்டும் உண்மையான அபாயம். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். நிறுத்திவிட்டு, கோப்புகளை மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டு போங்கள்.

4. வங்கியின் இணையத்தளம் திறக்காமை. எக்ஸ்பியோடு வந்த பிரௌசருக்கு இன்றைய பாதுகாப்பு முறை தெரியாது, ஆகவே வங்கி கதவைத் திறக்காது. குறுக்கு வழி தேடாதீர்கள். திறக்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது. வங்கி வேலைக்குத் திருத்தங்கள் ஒழுங்காக வருகின்ற வேறு கணினியையோ கைத்தொலைபேசியையோ பாவியுங்கள்.

5. தமிழ் எழுத்து ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவது. பழைய பட்டியலைப் புதுக் கணினியில் திறந்தால், வாடிக்கையாளரின் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் கிடக்கும். கோப்பு பழுதாகவில்லை. அதை பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறோம், புதுக் கணினியில் பாமினி இல்லை. எழுத்துருவைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் போட்டால் தமிழ் வந்துவிடும். ஆனால் இனிமேல் அடிப்பதை யுனிகோடில் அடியுங்கள். அப்போது எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும்.

திருத்தக் கொடுக்கும்போது ஒரு வசனத்தை மறக்காதீர்கள்: “தம்பி, உள்ளே கணக்கு இருக்கிறது. அதை வேறாக எடுத்து எனக்குக் காட்டிய பிறகுதான் ஃபோமட் பண்ண வேண்டும்.” டெஸ்க்டொப்பில் இருப்பதும் ‘மை டொகியுமன்ட்ஸ்’ என்ற பெட்டியில் இருப்பதும் வழமையாக விண்டோஸ் இருக்கின்ற அதே ‘சி’ பகுதியில்தான் கிடக்கின்றன. அதைத் துடைத்தால் இவையும் சேர்ந்து போகும். இந்த ஒரு வசனம் அன்று என் வாயில் வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

கடைக்கு ஓர் ஒழுங்கு

எங்கள் கடையில் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். பழைய கணினி இன்னும் இருக்கிறது. பில் அடிப்பதும் கணக்கு வைப்பதும் மட்டுமே அதன் வேலை. இணைய வயர் கழற்றப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் பாட்டு, படம், விளையாட்டு எதுவும் அதில் இல்லை. எக்ஸ்பி காலத்து வைரஸ் பெரும்பாலும் பென் டிரைவில் ஏறித்தான் வந்தது. ஆகவே கணக்குக்கென்று வைத்திருக்கின்ற இரண்டு பென் டிரைவைத் தவிர வேறெதையும் அதில் குத்த விடுவதில்லை.

கடை பூட்டுவதற்கு முன் அன்றைய கணக்கை ஒரு பென் டிரைவில் எடுக்கிறோம். அது என்னோடு வீட்டுக்கு வரும். மறுநாள் மற்றது. கடையில் தீப்பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் ஒன்று வெளியே இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவை மகன் அதை வீட்டுக் கணினியில் திறந்து பார்ப்பான். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது. மாத முடிவில் கடன்காரர் பட்டியலைக் கடதாசியில் அடித்துக் கோவையில் போடுகிறோம். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது அந்தக் கடதாசிதான். மின்னல் அடிக்கின்ற பின்னேரங்களில் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுகிறோம். யூபிஎஸ் பற்றரி கரண்டைத் தாங்குகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறோம். இவ்வளவுக்கும் செலவானது இரண்டு பென் டிரைவின் விலையும் நாளுக்கு ஐந்து நிமிடமும்.

விண்டோஸ் 10 வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 11க்கு மாற்ற முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பொதுவாக 2018க்கு முந்திய கணினிகள் அதற்குத் தகுதி பெறுவதில்லை. தகுதி இல்லையென்றால், இணையத்துக்கும் வங்கிக்கும் போகின்ற கணினியை முதலில் மாற்றுங்கள். பில் அடிக்கின்ற கணினி பிறகு மாறலாம். புதியதில் உங்கள் மென்பொருளும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். அதுவரை பழையதை விற்றுவிட வேண்டாம்.

கணினியை என்றைக்கும் கடையில் வாங்கலாம். இன்னாரிடம் இவ்வளவு வர வேண்டும், இன்னாருக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதில் நம் பணம் மட்டுமல்ல, பிறருடைய உரிமையும் இருக்கிறது. இன்று கடை பூட்டுமுன் அந்தக் கணக்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பொலித்தீனில் சுற்றி வைத்த அந்த அம்மாவின் கொப்பிக்கு இருந்த பத்திரம் நம் கணக்குக்கும் இருக்கட்டும்.